வாடினால் தண்ணீர் விடலாமா?

மாரிகாலத்தில் மார்க்கத்துத் தமிழ் வீடுகள் பலவற்றில் யன்னலோரம் ஒரு கறிவேப்பிலைச் சாடி இருக்கும். கோடை முழுக்க வெளியே டெக்கில் நின்று, இரவு வெப்பம் 10 பாகைக்குக் கீழே இறங்கத் தொடங்கியதும் உள்ளே வந்தது. தை பிறக்கும்போது பாதி இலை மஞ்சள், மீதி தொங்கல். உடனே யாராவது கோப்பையில் தண்ணீரோடு வருவார்கள்.

எங்கள் வீட்டில் அது அம்மம்மா. "பிள்ளை, மரத்துக்கு விடாய்க்குது, பாக்கத் தெரியேல்லையே?" என்பார்.

அவருடைய கணக்கு யாழ்ப்பாணத்துக் கணக்கு. அங்கே சுண்ணாம்புக் கல்லுக்கு மேலே செம்மண். எவ்வளவு ஊற்றினாலும் இறங்கிவிடும். வருடம் முழுக்க ஏறக்குறைய 12 மணித்தியாலப் பகல். கிணற்றடியில் நிற்கும் மரத்துக்கு யாரும் தண்ணீரை அளந்து விடுவதில்லை. இங்கே மார்கழியில் பகல் 9 மணித்தியாலம்தான், அதுவும் கண்ணாடி வழியாக வரும் மங்கல் வெளிச்சம். மரம் அரைத் தூக்கத்தில் இருக்கிறது, தண்ணீரை மிகக் குறைவாகவே குடிக்கும். கடை மண்ணோ பிளாஸ்ரிக் சாடிக்குள் வாரக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

வேருக்கும் மூச்சு வேண்டும். மண்ணின் இடைவெளிகளில் காற்று இருந்தால்தான் அதற்கு ஒட்சிசன் கிடைக்கும். அந்த இடத்தைத் தண்ணீர் நிரப்பினால் ஒட்சிசன் நகர்வது ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகிறது. வேர் மூச்சடைத்து அழுகுகிறது. அழுகிய வேரால் தண்ணீரை மேலே அனுப்ப முடியாது. ஆக, தண்ணீருக்குள் நின்றுகொண்டே இலை தாகத்தில் வாடுகிறது. வறட்சிக்கும் வெள்ளத்துக்கும் ஒரே அறிகுறி! அதனால் இலையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பாருங்கள். சாடியைத் தூக்கிப் பாருங்கள். ஈரமாக, பாரமாக இருந்து, குட்டி ஈக்களும் பறந்தால் கோப்பையைக் கீழே வையுங்கள்.

பிறகு மரத்தை மெதுவாக வெளியே எடுக்க வேண்டும். நிறத்தைவிட உறுதிதான் முக்கியம்: அழுத்தினால் கூழாகி, தோல் கழன்று வரும் வேரை வெட்டிவிடுங்கள். பேர்லைற் கலந்த புது மண், அடியில் ஓட்டையுள்ள, மிஞ்சிய வேருக்குச் சற்றே பெரிய சாடி போதும். அடியில் கல் போட்டால் தண்ணீர் வடியும் என்று பலர் சொல்வார்கள். பொறியியல் படித்தவன் என்ற முறையில் இதற்கு மட்டும் சண்டைக்கு வருவேன்: நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய கல்லிடைவெளிக்குள் தண்ணீர் இலகுவில் இறங்காது, அதற்கு மேலேயே தேங்கி நிற்கும். பசளையும் இப்போது வேண்டாம். இலை முழுக்கக் கொட்டினாலும் குப்பையில் போடாமல், தண்டை நகத்தால் கொஞ்சம் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் சீவன் இருக்கிறது.

எங்களுக்கு மண்ணைவிடச் சிக்கலானது அம்மம்மா. வங்கி, டொக்டர், கடிதங்கள் எல்லாவற்றையும் இங்கே அவருக்காக நாங்கள்தான் பார்க்கிறோம். முழுக்க அவர் பொறுப்பில் இருந்தது அந்த மரம் ஒன்றுதான். "தண்ணி விடாதேங்கோ" என்று கோப்பையைப் பறித்தால் அதுவும் போய்விடும். அதனால் சாடியைக் கவிழ்க்கும்போது அவரையே பக்கத்தில் இருத்தினோம். அழுகல் மணம் வந்ததும் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய் அடுப்படிக் கத்தரிக்கோலை எடுத்துவந்தார். கெட்ட வேரையெல்லாம் வெட்டியது அவர்தான்.

இப்போது காலையில் தேத்தண்ணிக்கு முதல் இரண்டு கையாலும் சாடியைத் தூக்கிப் பார்ப்பது அவர் வேலை. "இன்னும் பாரமாக் கிடக்கு" என்றால் அன்றைக்குத் தண்ணீர் இல்லை. வேறு யாரும் தொடவும் கூடாது. பங்குனிக் கடைசியில் மொட்டைத் தண்டில் கடுகளவு பச்சை வந்தது. விக்ரோறியா தினம் கழிந்து மரம் வெளியே போகும்வரை ஒரு இலைகூடப் பிடுங்க அவர் விடவில்லை. சாம்பாருக்குக் கடையில்தான் வாங்கினோம்.