மூன்று புள்ளித் தோட்டா

2004 முதல் 2015 வரை, பதினோரு ஆண்டுகள், அப்பா கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் ஒரு நகைக்கடை வாசலில் ஜாகாவாக நின்றார். கையில் ஒரு பம்ப் கன். அதற்குள் ஐந்து தோட்டாக்கள். அந்தக் காலத்தில் கடை முதலாளி மாறினார், அப்பாவின் சீருடை நிறம் மாறியது, துப்பாக்கியே ஒருமுறை மாறியது. தோட்டாக்களில் நான்கு கடைசிவரை மாறவே இல்லை.

காலை எட்டரைக்கு கம்பெனி வேன் வரும். சூப்பர்வைசர் துப்பாக்கியையும் ஐந்து குழி வைத்த ஒரு மரத்தட்டையும் நீட்டுவார். அப்பா எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். இரவு கடை சாத்தியதும் தோட்டாக்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து அதே தட்டில் வைப்பார். மறுபடியும் எண்ணிக்கை, மறுபடியும் கையெழுத்து. ஒன்று குறைந்தால் அவ்வளவுதான். 1960ஆம் ஆண்டு துப்பாக்கிச் சட்டத்தில் தோட்டாவும் துப்பாக்கியும் ஒன்றுதான். லைசென்ஸ் இல்லாமல் ஒரே ஒரு தோட்டா கையில் இருந்தாலும் ஏழு ஆண்டு வரை சிறை, அல்லது பத்தாயிரம் வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். அப்பா வீட்டுக்கு வந்ததும் சட்டைப் பையையும் சிலுவார் பையையும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் குளிக்கப் போவார். சில்லறை தேடுகிறார் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பா அவற்றைத் தோட்டா என்று சொல்ல மாட்டார், பெலுரு என்பார். பன்னிரண்டு போர். சிவப்பு பிளாஸ்டிக் உடம்பு, பித்தளை நிற அடிப்பாகம், உள்ளே ஈய உருண்டைகள். வாய்ப்பக்கம் பிளாஸ்டிக்கை நட்சத்திரம் மாதிரி மடித்து மூடியிருக்கும். ஒரு சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுச் சட்டியோடு கடைக்குப் போனபோது அப்பாவின் வாரில் செருகியிருந்த ஒன்றைத் தொட்டுப் பார்க்கக் கை நீட்டினேன். சத்தமே போடாமல் என் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டார். அந்தப் பிடியின் இறுக்கம் இன்னும் நினைவிருக்கிறது.

எனக்குப் பதினாறு வயதிருக்கும்போது என் கியூடெக்ஸ் காணாமல் போனது. வெள்ளை நிறம், பசார் மாலாமில் வாங்கியது. தம்பியைச் சந்தேகப்பட்டு ஒரு வாரம் பேசாமல் இருந்தேன். பிறகு அப்பாவின் மதியச் சாப்பாட்டுப் பையில் கிடைத்தது.

"ப்பா, இத வெச்சி என்னா பண்றீங்க?"

"பெலுருக்குப் பொட்டு வெக்கிறேன்மா."

விளையாட்டாகச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். அப்பா நிஜமாகவே வைத்திருந்தார். ஒவ்வொரு தோட்டாவின் அடிப்பாகத்து ஓரத்திலும் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஐந்து வரை புள்ளிகள். காரணத்தை எனக்கு ஒரு சாப்பாட்டு மேசையில் கரண்டியை வைத்துக்கொண்டு விளக்கினார். பம்ப் கன்னின் குழாயில் கடைசியாக நுழைவதுதான் முதலில் வெளியே வரும். அந்தக் கடைசித் தோட்டாவின் விளிம்பைத்தான் உள்ளே ஒரு கொக்கி பிடித்து நிறுத்துகிறது. பின்னால் ஸ்பிரிங் நாள் முழுக்க அழுத்திக்கொண்டே இருக்கும். தட்டில் குழி வரிசை மாறாததால் தினமும் அதே தோட்டாதான் கடைசியாகப் போகிறது. அதே விளிம்பு உரசி உரசித் தேய்கிறது. "ஒருத்தனே எல்லா அடியும் வாங்கக் கூடாதில்ல? அதான் முறை போட்டுட்டேன்." இன்று கடைசியில் இருந்தது நாளைக்கு முதலில் உள்ளே போகும்.

பல வருடம் கழித்து, அமெரிக்காவில் இடுப்பில் கைத்துப்பாக்கியோடு அன்றாடம் கடைகண்ணிக்குப் போய்வருகிறவர்கள் இதையே ஒரு ஒழுக்கமாகச் செய்கிறார்கள் என்று படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் கோபமும் வந்தது. அவர்களுடைய பிரச்சினை வேறு வடிவம். தானியங்கிக் கைத்துப்பாக்கியை இரவில் காலி செய்து காலையில் நிரப்பும்போது மேலே இருக்கும் அதே தோட்டா மீண்டும் மீண்டும் அறைக்குள் மோதி ஏறுகிறது. மோத மோத, முனையில் உள்ள குண்டு கூட்டுக்குள் மயிரிழை மயிரிழையாக இறங்குகிறது. உள்ளே இடம் குறைந்தால் வெடிக்கும்போது அழுத்தம் கூடும். ஏற்கனவே அழுத்தம் அதிகமான சில ரகங்களில் துப்பாக்கியே உடைந்து கையைப் பதம் பார்த்துவிடும். அதனால் மார்க்கர் பேனாவால் குறி வைக்கிறார்கள். புதுத் தோட்டா ஒன்றின் பக்கத்தில் நிறுத்தி உயரம் பார்க்கிறார்கள். குட்டையாகியிருந்தால் ஒதுக்கிவிடுகிறார்கள். வறண்ட இடத்தில் பெட்டிக்குள் கிடக்கும் தோட்டா பத்து இருபது வருடம் தாங்கும். உடம்போடு சுமக்கும் தோட்டாவைத்தான் வியர்வையும் வெயிலும் கைபடுதலும் கெடுக்கின்றன.

அப்பாவுக்கு இது எதுவும் தெரியாது. ஆனால் அவர் செய்யாத, செய்ய முடியாத ஒன்றும் அந்த முறையில் இருந்தது. அவர்கள் வருடத்துக்கு ஒருமுறையாவது, சுமந்த தோட்டாக்களை எல்லாம் பயிற்சிக் களத்தில் சுட்டுத் தீர்த்துவிட்டுப் புதியவற்றை நிரப்பிக்கொள்கிறார்கள். அப்பாவின் கம்பெனியில் இது தலைகீழ். அந்தப் பதினோரு வருடத்தில் மூன்று முறை சுடும் பயிற்சிக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே பெட்டி உடைத்துப் புதுத் தோட்டா கொடுத்தார்கள். சுட்டுவிட்டு வந்து மறுநாள் பழைய ஐந்தையே வாங்கிக்கொண்டு வாசலில் நின்றார்கள். இரண்டாவது முறை போனபோது அப்பா கேட்டேவிட்டார், "பழச இங்க சுட்டுடுறோம் சார், புதுச டூட்டிக்குக் குடுங்க." சூப்பர்வைசர் சிரித்தாராம். "நீ என்னா சுடவா போற? காட்டத்தான போற."

அதை அம்மாவிடம் சொல்லும்போது அப்பாவும் சிரித்தார். அன்றைக்குச் சாப்பாடு பாதியிலேயே எழுந்துவிட்டார்.

2012இல், தீபாவளிக்கு முந்தைய வாரம், மத்தியானம் மூன்று மணி. மோட்டாரில் இரண்டு பேர். முழு ஹெல்மெட், ஒருவன் கையில் பாராங். கண்ணாடிக் கதவுக்கு நாலடி தூரம். அப்பா துப்பாக்கியைத் தூக்கிப் பம்ப் பிடியைப் பின்னால் இழுத்தார். "கடக்". அவர்கள் நின்றார்கள். பிடியை முன்னால் தள்ளினார். அது போகவில்லை. பாதி வழியில் சிக்கிக்கொண்டது. தோட்டா அறைக்குள் முழுதாக நுழையவில்லை. அறை மூடாவிட்டால் விசையை இழுத்தாலும் ஒன்றும் ஆகாது. அப்பா அதை இடுப்பளவில் பிடித்தபடி, மூடாத துப்பாக்கியோடு, ஒரு அடி முன்னால் எடுத்து வைத்தார். அவர்கள் திரும்பி ஓடினார்கள்.

கடையில் கைதட்டினார்கள். முதலாளி ஒரு உறையில் இருநூறு வெள்ளி கொடுத்தார். அப்பா பின்கட்டுக்குப் போய், பிடியை உதைத்துத் திறந்து, அந்தத் தோட்டாவை வெளியே எடுத்துப் பார்த்திருக்கிறார். மூன்று புள்ளி. வாயில் நட்சத்திர மடிப்பு விரிந்து, பிளாஸ்டிக் உடம்பு நடுவில் உப்பியிருந்தது. மற்ற நான்கையும் அடுக்கிப் பார்த்தார். கொஞ்சம் கூடக் குறைய எல்லாமே அப்படித்தான் இருந்தன. முறை போட்டதால் ஒன்று மட்டும் கெடாமல் ஐந்தும் சேர்ந்து கெட்டிருந்தன. அன்றைக்குக் கடைசியாக நுழைந்தது மூன்று என்பதால் அது மாட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

இதை அப்பா அன்றைக்கு யாரிடமும் சொல்லவில்லை. பாலாயில் வாக்குமூலம் கொடுத்துவிட்டு இரவு பத்து மணிக்கு வந்தார். நான் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அறை வாசலில் நின்று மெல்லக் கேட்டார்.

"பாப்பா, அந்தக் கியூடெக்ஸ அழிக்கிற தண்ணி இருக்கா?"

எதற்கு என்று கேட்டேன். காலையில் சிக்கியதைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கப் போவதாகச் சொன்னார். புள்ளிகளைப் பார்த்தால் அதனால்தான் சிக்கியது என்று சொல்லிவிடுவார்கள் என்றார். போத்தலையும் கொஞ்சம் பஞ்சையும் கொடுத்தேன். மறுநாள் தட்டைக் கையில் வாங்கிய நேரத்தில் ஐந்தையும் துடைத்துவிட்டு, சிக்கியதை எடுத்துக் காட்டியிருக்கிறார்.

அடுத்த வாரம் கம்பெனி அதை வாங்கிக்கொண்டு, புதுத் தோட்டா ஒன்று கொடுத்தது. மற்ற நான்கும் அப்படியே இருந்தன. கணக்குப் புத்தகத்தில் ஐந்து என்றுதான் எழுதினார்கள், அப்பா கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு அவர் என் கியூடெக்ஸை எடுக்கவில்லை. புதுசு எது என்று பார்த்ததுமே தெரிந்தது. அதைத்தான் தினமும் கடைசியாகப் போட்டார்.