மை ஃபேர் லேடியும் எங்க ஊரு வள்ளியும்

உலக சினிமா பத்தி எழுதறவங்க எல்லாரும் என்னை மன்னிச்சுக்கோங்க. 'மை ஃபேர் லேடி'ல ஆரம்பிச்சு நேரா எங்க ஊரு மாரியம்மன் கோயில் திடலுக்குத்தான் கூட்டிட்டுப் போகப் போறேன். ஊரு ஜேடர்பாளையம். நாமக்கல் மாவட்டம், காவிரிக்கரை. அணைக்கட்டும் மீன் வறுவலும் தெரிஞ்சவங்களுக்கு ஊரும் தெரிஞ்சிருக்கும். தெரியாதவங்க ஒருதடவை வந்து பாருங்க :-)

முதல்ல படம். பெர்னார்ட் ஷாவோட 'பிக்மேலியன்' நாடகத்தை வச்சு 1956ல நியூயார்க் பிராட்வேல ஒரு இசை நாடகம் போட்டாங்க. அதுதான் 'மை ஃபேர் லேடி'. தெருவுல பூ விக்கிற எலைசாவா ஜூலி ஆண்ட்ரூஸ், அவளுக்குச் சுத்தமா இங்கிலீஷ் பேசக் கத்துக்குடுக்கிற புரொஃபசர் ஹிக்கின்ஸா ரெக்ஸ் ஹாரிசன். மொத்தம் 2,717 காட்சி ஓடுச்சு. 1964ல வார்னர் பிரதர்ஸ் அதைப் படமா எடுத்தப்ப ஹாரிசனை வச்சுக்கிட்டு ஜூலியை விட்டுட்டாங்க. சினிமால முகம் தெரியாத பொண்ணை நம்பி அவ்வளவு காசு போடறதான்னு கணக்கு. அந்த இடத்துக்கு வந்தவங்க ஆட்ரி ஹெப்பர்ன். பாவம், அவங்க பாட்டெல்லாம் கத்துக்கிட்டுப் பாடியும் குடுத்தாங்க. ஆனா படத்துல பெரும்பாலும் நாம கேக்கறது மார்னி நிக்ஸன்ங்கிற பாடகியோட குரல்.

படம் எட்டு ஆஸ்கர் வாங்குச்சு. அதுல ஹாரிசனுக்கு ஒண்ணு. ஆட்ரிக்கு நாமினேஷன்கூட இல்ல. அந்த வருஷம் சிறந்த நடிகை யாருன்னு நினைக்கிறீங்க? ஜூலி ஆண்ட்ரூஸ்! 'மேரி பாப்பின்ஸ்' படத்துக்காக.

"பின்னணி பாடினதுக்கா இத்தனை அக்கப்போர்?"னு நமக்கெல்லாம் சிரிப்புதான் வரும். டி.எம்.எஸ். குரல்ல எம்ஜிஆரும் சிவாஜியும் பாடினதைக் கேட்டு வளர்ந்த ஊரு நம்மளது. நாம இதையெல்லாம் ஒரு விஷயமாவே எடுத்துக்க மாட்டோம்.

எனக்கு ஆட்ரி கதையைவிட ஹாரிசன் கதைதான் புடிச்சது. வழக்கமா பாட்டை முன்னாடியே ரெக்கார்ட் பண்ணி வச்சுட்டு ஷூட்டிங்ல வாயசைப்பாங்க. ஹாரிசன் முடியாதுன்னுட்டார். அவர் பாதி பேசிப் பாதி பாடற ஆளு, ஒருதடவை பாடின மாதிரி மறுதடவை பாட மாட்டார். கடைசில டைக்குள்ள ஒரு வயர்லெஸ் மைக்கை ஒளிச்சு வச்சு, கேமரா முன்னாடியே நேரடியாப் பாட வச்சுத்தான் எடுத்தாங்க. இதைப் படிச்சதும் எனக்கு எங்க ஊரு வேலன் ஞாபகம் வந்துட்டார். வேலன்னா, 'வள்ளி திருமணம்' நாடகத்துல முருகன் வேஷம் கட்டறவர்.

இப்ப கொசுவத்தியைக் கொஞ்சம் சுத்திக்கிறேன்.

வள்ளி திருமணம் கதை எல்லாருக்கும் தெரியும். தினைப்புனம் காக்கிற வள்ளியைப் பத்தி நாரதர் போய் முருகன்கிட்ட வத்தி வைப்பார். முருகன் வேடனா வருவார், கிழவனா வருவார், கடைசில அண்ணன் பிள்ளையாரை யானையா வரவச்சுப் பயமுறுத்திக் கல்யாணம் பண்ணிக்குவார். இதை மேடைக்கு எழுதினவர்கள்ல பெரிய ஆளு சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). மதுரைல 1918ல சின்னப் பசங்களை வச்சு ஒரு நாடக சபையே ஆரம்பிச்சவர். அவர் போய் நூறு வருஷம் தாண்டிடுச்சு, நாடகம் இன்னும் திருவிழா மேடைல நடந்துகிட்டுதான் இருக்கு.

இந்த நாடகத்தைப் பார்க்காதவங்களுக்கு ஒரு விஷயம் சொல்லணும். இது ஒரே கம்பெனி ஆளுங்க மாசக்கணக்கா ஒத்திகை பாத்துப் போடறது இல்ல. வள்ளி ஒரு ஊரு, வேலன் ஒரு ஊரு, நாரதர் இன்னொரு ஊரு. பபூனும் டான்ஸ் காமிக்கும் வேற எங்கிருந்தோ வருவாங்க. அன்னிக்கு ராத்திரி மேடைக்குப் பின்னாடி மேக்கப் போடறப்பதான் சில பேர் முதல்முதல்ல மூஞ்சியே பாத்துக்குவாங்க. ஸ்பெஷல் நாடகம்னு பேரு. கதையும் பாட்டும் எல்லாருக்கும் மனப்பாடம். அதுக்கு மேல என்ன நடக்கும்னு ஆர்மோனியக்காரருக்கே தெரியாது.

பத்து மணிக்கு ஆரம்பிக்கும். பபூன் வந்து ஊர்ப் பெரியவங்களை ஒருவழி பண்ணுவார். நாரதர் வந்தா ஒரு மணி நேரத்துக்கு நகர மாட்டார். வள்ளி–வேலன் தர்க்கம் வர்றதுக்குள்ள ரெண்டு மணி ஆயிரும். தூங்கிட்டிருக்கிற எங்களையெல்லாம் அம்மாயி தட்டி எழுப்புறது அப்பதான். "எந்திரி சாமி, தர்க்கம் வந்திருச்சு." வேலன் ஒரு கேள்வி பாட்டா போடுவார். வள்ளி பதிலைப் பாட்டா திருப்புவாங்க. வள்ளி மடக்கிட்டா பொம்பளைங்க பக்கம் ஒரே சிரிப்பு. ஒருதடவை வேலன் பதில் தெரியாம முழிச்சார். ஆர்மோனியக்காரர் அடியெடுத்துக் குடுத்துக் காப்பாத்தினார். அதுக்கும் கைதட்டல். நடுவுல நூறு ரூபா நோட்டைக் குத்திவிட்டுப் பேர் சொல்லச் சொல்ற ஆளுங்க. "ஒன்ஸ்மோர்"னு ஒரு சத்தம் வந்தா அதே பாட்டு மறுபடியும் வரும், ஆனா அதே மாதிரி வராது. சங்கதி மாறும், சில சமயம் ராகமே மாறும்.

இந்த நாடகம் எப்பவோ படமாயிடுச்சு. தமிழ் பேசும்படம் 1931ல 'காளிதாஸ்'ல ஆரம்பிக்குது. 1933லயே டி.பி.ராஜலட்சுமி நடிச்ச 'வள்ளி திருமணம்' வந்தாச்சு. எல்லாருக்கும் தெரிஞ்சது 1945ல ஏவி.மெய்யப்ப செட்டியார் எடுத்த 'ஸ்ரீவள்ளி'. முருகன், டி.ஆர்.மகாலிங்கம். வள்ளி, குமாரி ருக்மணி (நடிகை லட்சுமியோட அம்மா). ஆனா வள்ளிக்குப் பாடின குரல் பி.ஏ.பெரியநாயகியோடது! ஹாலிவுட்ல மார்னி நிக்ஸன் குரலுக்குப் பஞ்சாயத்து நடக்கறதுக்கு 19 வருஷம் முன்னாடியே நம்ம வள்ளி கடன் குரல்ல பாடிட்டா. 1961ல சிவாஜி–பத்மினி நடிச்சு இன்னொரு 'ஸ்ரீவள்ளி' வந்துச்சு. அதுல பழைய முருகன் மகாலிங்கம், நாரதரா வந்து பாடினார்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தப்ப 1945 படத்தை லேப்டாப்ல போட்டு அம்மாயிகிட்ட காட்டினேன். அம்மாயிக்கு எண்பது தாண்டிடுச்சு, காது கொஞ்சம் மந்தம். ஹெட்போன் மாட்டி விட்டேன். மகாலிங்கம் குரல் வந்ததும் அப்படியே நிமிந்து உக்காந்தாங்க.

ஒரு பாட்டு முடிஞ்சதும், "இன்னொருக்கா பாடச் சொல்லு கண்ணு"ன்னாங்க. ரீவைண்ட் பண்ணிப் போட்டேன். கேட்டுட்டு என்னைத் திரும்பிப் பாத்தாங்க.

"ஏங்கண்ணு, அதேயேதான் பாடறாரு?"

"படமுங்க அம்மாயி, அதேதானுங்க வரும்."

"அப்ப எதுக்கு இன்னொருக்கா பாடோணும்?"

நானும் நாலஞ்சு வருஷமா பொட்டி தட்டறேன். ஒரே இன்புட் குடுத்தா ஒரே அவுட்புட் வரணும், வரலைன்னா அது பக். அதுக்குத்தான் எனக்குச் சம்பளமே. அம்மாயிக்கு ஒரே மாதிரி ரெண்டுதடவை வந்தாத்தான் அது கோளாறு. ஹாரிசன் டைக்குள்ள மைக் வேணும்னு அடம் புடிச்சதும் இதுக்குத்தானேன்னு அப்பத்தான் எனக்கு உறைச்சுது.

இதை வச்சு, படம் எடுத்ததே தப்பு, மேடைதான் உசத்தின்னு முடிச்சுட முடியாது. அதுக்குக் காரணம் ஆத்துக்கு அந்தாண்ட இருக்கு. கொடுமுடி.

கே.பி.சுந்தராம்பாள் ஊரு அது. 1920கள்ல அவங்களும் செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பாவும் ஜோடியா மேடையேறினா எட்டூரு ஜனம் வண்டி கட்டிட்டு வருமாம். அவங்க போட்ட நாடகங்கள்ல வள்ளி திருமணம் முக்கியமானது. கல்யாணமும் பண்ணிக்கிட்டாங்க. 1933 டிசம்பர்ல கிட்டப்பா செத்துப்போறார். வயசு 27. பேசும்படம் வந்து ரெண்டே வருஷம். அவர் ஒரு படத்துலயும் நடிக்கல. நமக்கு மிச்சம் கொஞ்சம் கிராமஃபோன் ரெக்கார்டுங்க, ஒரு பக்கத்துக்கு மூணு நிமிஷம் சொச்சம். அவர் எப்படி நடந்து வந்தார், வள்ளி பதில் பாடறப்ப மூஞ்சிய எப்படி வச்சுக்கிட்டார், ஒண்ணும் தெரியாது. பாத்தவங்களும் போயிட்டாங்க.

சுந்தராம்பாள் அதுக்கப்புறம் வெள்ளைச் சேலைக்கு மாறிட்டாங்க. ஆம்பளைக்கு ஜோடியா நடிக்க மாட்டேன்னுட்டாங்க. 1935ல சினிமாவுக்கு வந்தப்பகூட 'நந்தனார்' படத்துல நந்தனாரா, ஆம்பள வேஷத்துலதான் வந்தாங்க. சம்பளம் ஒரு லட்ச ரூபா, அந்தக் காலத்துல! அப்புறம் 1953ல ஜெமினியோட 'அவ்வையார்'. அவங்க அவ்வையாரா பாடினதை நாம எத்தனைதடவை வேணும்னாலும் பாத்துக்கலாம். அவங்க வள்ளியா நின்னு கிட்டப்பாவுக்குப் பதில் பாடினதை யாரும் இனிமே பாக்க முடியாது. அந்த ஒரு ராத்திரியை மட்டும் யாராவது மொக்கையா ஒரு கேமரா வச்சாவது எடுத்திருக்கக்கூடாதான்னு மனசு அடிச்சுக்குது.

ஆக, படம் வேணும். படம் இல்லைன்னா கிட்டப்பா மாதிரி ஆளு காத்தோட போயிடறார். ஆனா படம் இருக்குங்கறதுக்காக மேடையை இழுத்து மூட முடியாது. ஏன்னா, படத்துல கதை இருக்கும், பாட்டு இருக்கும், குரல்கூட நல்ல குரலாப் பாத்து வாங்கிப் போட்டுக்கலாம். எதுத்தாப்புல உக்காந்திருக்கிற அம்மாயிக்கு மட்டும் அதுல வேலை இல்ல.

இதையெல்லாம் இப்ப எதுக்கு எழுதறேன்னா, எங்க ஊருல இந்த வருஷம் ஒரு பேச்சு ஓடுது. நாடகத்துக்கு ஆகற செலவு ஏறிப்போச்சு, பன்னெண்டு மணிக்கு மேல முப்பது பேர்தான் உக்காந்திருக்காங்க, அதனால நாடகத்தை நிறுத்திட்டுப் பெரிய எல்இடி ஸ்கிரீன் கட்டி ஏதாவது சாமி படம் போட்டுடலாம்னு எங்க செட்டுப் பசங்களே கேக்கறாங்க. வாட்ஸ்அப் குரூப்புல ஓட்டெடுப்புகூட நடந்துச்சு. ஸ்கிரீனுக்கு 41, நாடகத்துக்கு 17. பங்காளி ஒருத்தன் கேட்டான்: "மாப்ள, வள்ளி திருமணம்தான வேணும்? சிவாஜி நடிச்ச படமே இருக்குதே, அதைவிடவா இவனுக நல்லா நடிச்சுருவானுக?"

நல்லா நடிக்க மாட்டாங்கதான். சிவாஜி முன்னாடி நிக்க முடியுமா? ஆனா சிவாஜி எங்க ஊரு தர்மகர்த்தாவைக் கிண்டல் பண்ண மாட்டார். வெல்லம் என்ன வெலை போச்சுன்னு கேட்டு அதை ஒரு பாட்டுல சேக்க மாட்டார். எங்க ஊரு பொம்பளைங்க சிரிச்சா நிறுத்திட்டு, சிரிப்பு அடங்கினதும் தொடர மாட்டார்.

அந்தப் பதினேழு பேர்ல நானும் ஒருத்தன். அம்மாயிகிட்ட போன் இல்ல, இருந்திருந்தா பதினெட்டு. கமிட்டில இருக்கிற சித்தப்பாவுக்குப் போன் போட்டு, வரிக்கு மேல நாடகச் செலவுல ஒரு பங்கு நான் தர்றேன், வெளியூர்ல வேலை பாக்கற இன்னும் நாலு பேரைப் புடிக்கிறேன், ஒன்பது மணிக்கே ஆரம்பிச்சு தர்க்கத்தைப் பன்னெண்டுக்குள்ள கொண்டாரச் சொல்லிப் பேசலாம், ஸ்கிரீனை அடுத்த நாள் வச்சுக்கலாம்னு சொல்லியிருக்கேன். "பாக்கலாம் சாமி, பூச்சாட்டு அன்னிக்குக் கூடிப் பேசிக்கலாம்"னு சொல்லிட்டு வச்சுட்டார். ஊர்ல "பாக்கலாம்"னா என்ன அர்த்தம்னு உங்களுக்கே தெரியும். இருந்தாலும் மூணு பேர் காசு போட்டுட்டாங்க. நாலாவது ஆளு சிங்கப்பூர்ல இருக்கான், போனை எடுக்க மாட்டேங்கறான்.

நாடகம் நடந்துச்சுன்னா என் போனை ஸ்டேண்ட்ல மாட்டி முழுசா எடுத்து வைக்கிறதாவும் இருக்கேன். வரப்போற வேலன் கிட்டப்பா இல்லைதான். அதுக்காக விட்டுர முடியுங்களா?

டிஸ்கி: தேதி முடிவானா சொல்றேன், வர்றவங்க வாங்க. பாயும் போர்வையும் கொண்டாந்துருங்க, விடியக்காலம் ஆத்துக்காத்து குளிரும். டீ எங்க வீட்டுல.