வெறும் நிலம்

வரைபடத்தில் ஓரிடத்தை 'வெறும் நிலம்' என்று குறிக்குமுன் பொறியியலாளன் சற்றுத் தயங்க வேண்டும். இதனை நான் கற்றது விரிவுரை மண்டபத்திலன்று. வவுனியா மாவட்டத்துச் சிறு குளமொன்றின் கட்டிலேயாகும்.

பொறியியற் பீடத்தை விட்டு வெளியேறிய புதிதில் அக்குளத்தைத் திருத்தும் பணி என்னை வந்தடைந்தது. கட்டின் உயரம், துருசின் அளவு, குளம் வான் பாயும் மட்டம் ஆகியவற்றைக் கணிக்க நான் அறிந்திருந்தேன். ஆனால், கட்டுக்கும் முதல் வயலுக்கும் இடையே பன்புல்லும் தாழையும் மருதும் மண்டிக் கிடந்த ஈரநிலம் எதற்கென்று அறிந்திலேன். அதனை வெறும் நிலமெனக் குறித்து, வயலாக்கலாம் என எழுதினேன். குளத்தின் மேற்புறத்தே நின்ற மரங்களும் நீருக்குரிய இடத்தை அடைத்து நிற்பனவாகவே எனக்குத் தோன்றின. அவற்றையும் அகற்றச் சொன்னேன்.

அவ்வூர்ப் பெரியவர் ஒருவர் மட்டும் என்னிடம் வந்து, "தம்பி, அந்தப் பத்தையிலை கை வைக்காதையுங்கோ. உவரைக் குடிக்கிறது அதுதான்" என்றார். அவரது வயதை மதித்தேன். அவர் கூறியதை மதித்தேனல்லேன்.

சில ஆண்டுகளின் பின் அங்கு சென்றபோது, கட்டை அடுத்த வயல்களில் மண் வெள்ளை பூத்திருந்தது. குளத்தின் அடியில் அடையல் ஏறியிருந்தது. பெரியவர் என்னைக் குறை கூறவில்லை. "இந்த முறை அந்தத் துண்டு விதைக்கேல்லை" என்று மட்டும் சொன்னார். என் பிழைக்கு அவர் ஒரு போகத்தை விலையாகக் கொடுத்திருந்தார்.

அதன் பின்னரே நான் படிக்கத் தொடங்கினேன். நம் உலர்வலயச் சிறு குளங்கள் பெரும்பாலும் தனித்து நிற்பவையல்ல. மேற்குளத்து வயல்களின் வடிநீரைக் கீழ்க்குளம் ஏற்கும் வண்ணம் தொடராக அமைந்தவை. இத்தொடரமைப்பைப் பேராசிரியர் மத்தும பண்டார 1985 ஆம் ஆண்டிலே விளக்கியிருந்தார். குளத்துக்குள் வரும் நீரின் வண்டலைப் புற்றரை வடிக்கின்றது. மேற்புற மரங்கள் காற்றைத் தடுத்து, நீர் ஆவியாதலைக் குறைக்கின்றன. சிங்கள மக்கள் 'கட்டகடுவ' என வழங்கும் கீழ்ப்புற ஈரநிலமோ, கசிநீரின் உப்பு வயலை அடையுமுன் அதனைத் தடுத்துக்கொள்கின்றது. ஐக்கிய நாடுகள் உணவு விவசாய நிறுவனம் இக்குளத்தொடர் முறைமையை 2017 ஆம் ஆண்டில் உலக விவசாய மரபுரிமைகளுள் ஒன்றாக ஏற்றது.

முன்னோரைப் போற்றுவது மட்டும் பொறியியலாகிவிடாது. உப்பையும் வண்டலையும் நாம் அளந்தே அறிதல் வேண்டும். எனினும், எதனை அளப்பது என்பதைச் சூழற்றொகுதியே நமக்குக் காட்டுகின்றது. அங்கு ஒன்றின் கழிவு இன்னொன்றின் உணவாகும். ஒரு மரமே நிழலும் வடியும் காற்றுத் தடையுமாய் நிற்கும். நாமோ ஒரு பொருளுக்கு ஒரு வேலையையே கணக்கில் எழுதுகின்றோம். கணக்கில் வராத வேலைகளை வேலையே அல்லவென்று அழித்துவிடுகின்றோம்.

இன்று மாணவர் எவரேனும் வரைபடத்தைக் கொணர்ந்தால், வெறுமையாய் விடப்பட்ட இடங்களையே நான் முதலில் நோக்குகின்றேன். "இங்கு இப்போது என்ன நிகழ்கின்றது?" என்று வினவுகின்றேன்.

அக்குளக்கட்டின் கீழ் மீண்டும் மருதங்கன்றுகள் நட்டுள்ளோம். அவை வேரூன்றித் தம் பணியைத் தொடங்கப் பல ஆண்டுகள் செல்லும். அவற்றின் முன்னோரை நீக்க எனக்குப் பென்சிற் கோடொன்றே போதியதாயிருந்தது.