நாற்காலிக்கு அருகே ஒருவர்

பிரதம மந்திரிகளின் சரித்திரத்தை எழுதப் பண்டிதர்கள் இருக்கிறார்கள். வரவேண்டியவர் வராமற்போன கதைதான் என் போன்ற நாவலாசிரியனுக்குத் தீனி. யுத்தத்துக்குப் பிந்திய இங்கிலாந்தில் அப்படிப்பட்டவர்கள் நாலைந்து பேராவது தேறுவார்கள். அவர்களில் என் மனத்தை விட்டு அகலாதவர் ராப் பட்லர்.

பட்லர் என்றதும் பழைய சென்னைவாசிகளுக்குத் துரை வீட்டுச் சமையற்கட்டை ஆண்டவரின் ஞாபகம் வரும். இவர் வேறு. ரிச்சர்ட் ஆஸ்டன் பட்லர் என்ற பெயரின் முதலெழுத்துக்களைச் சேர்த்து 'ராப்' என்றே எல்லோரும் அழைத்தார்கள். தகப்பனார் ஐ.ஸி.எஸ். உத்தியோகஸ்தர். பிள்ளை பிறந்தது 1902-இல், இன்று பாகிஸ்தானிலுள்ள அட்டக்கில். சிறு பிராயத்தில் குதிரையிலிருந்து விழுந்து ஒடிந்த வலக்கை, ஆயுள் முழுவதும் பூரணமாகக் குணமடையவில்லை.

நமக்கும் அவருக்கும் ஒரு பந்தம் உண்டு. 1935-ஆம் வருஷத்து இந்திய சர்க்கார் சட்டத்தை பார்லிமெண்டில் நிறைவேற்றப் பாடுபட்ட உதவி மந்திரி அவர். அதை மூச்சைப் பிடித்துக்கொண்டு எதிர்த்தவர் அவருடைய கட்சியையே சேர்ந்த சர்ச்சில்! அந்தச் சட்டத்தின்படி நடந்த தேர்தலுக்குப் பின்னர்தான் 1937-இல் ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமரானார். அந்நாளில் மாகாணத் தலைவருக்கும் அதுதான் பட்டம். பிறர் பிரதமராக வழி செய்த கை அது.

ஹிட்லரோடு சமாதானமாகப் போகவேண்டும் என்ற சேம்பர்லினின் கொள்கைக்கு வக்காலத்து வாங்கியது அவருக்கு ஒட்டிய கறை. கட்சியில் சிலர் அதைக் கடைசிவரை மன்னிக்கவில்லை. மன்னிக்கவேண்டும் என்று நானும் சொல்லமாட்டேன்.

ஆனால் 1941-இல் அவர் கல்வி மந்திரியானபோது நடந்ததைப் பாருங்கள். யுத்த காலத்தில் கல்வி மசோதா வேண்டாம், மதப் பள்ளிக்கூடச் சண்டையைக் கிளப்பவேண்டாம் என்றார் சர்ச்சில். பட்லர் பதில் பேசவில்லை, வேலையை ஆரம்பித்துவிட்டார். பாதிரிமார்களிடமும் ஆசிரியர் சங்கங்களிடமும் மாதக்கணக்கில் நடந்து, பேசி, விட்டுக்கொடுத்து, 1944-இல் சட்டமாக்கியே தீர்த்தார். ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் இலவச உயர்நிலைக் கல்வி உரிமையாயிற்று. இன்றும் அதற்கு 'பட்லர் சட்டம்' என்றே பெயர்.

இந்த மனிதர்தான் தமக்கென்று வந்தபோது வாய் திறக்கவில்லை. 1953-இல் சர்ச்சில் பக்கவாதத்தில் விழுந்தார். வாரிசு என்று பேசப்பட்ட ஈடன் அமெரிக்காவில் சஸ்திர சிகிச்சை செய்துகொண்டு கிடந்தார். மந்திரி சபைக்குத் தலைமை வகித்தவர் பட்லர். நாற்காலியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார், உட்காரவில்லை.

1956-இல் சூயஸ் விபரீதம். உடல் நொந்த ஈடன் ஜமைக்காவுக்கு ஓய்வெடுக்கப் போக, படைகளைத் திரும்ப அழைக்கும் அவமானத்தைச் சுமந்தவரும் பட்லர்தான். 1957 ஜனவரியில் ஈடன் விலகியதும் மந்திரிகளை ஒவ்வொருவராக அழைத்து, "ராப்பா, ஹெரால்டா?" என்று கேட்டார் ஸாலிஸ்பரி பிரபு. அவருக்கு 'ர' வராது. ராப் 'வாப்' ஆகிவிட்டார். 'வாப்' என்றாரே தவிர, அவரை 'வா' என்று அழைத்தவர்கள் சொற்பம். ஹெரால்ட் மாக்மில்லன் பிரதமரானார்.

அவருடைய நாக்கும் அவருக்குச் சத்துரு. ஒரு சமயம் விமான நிலையத்தில் ஒரு நிருபர், நமக்கு வாய்த்த பிரதமர்களில் ஈடன்தானே சிறந்தவர் என்ற பாவனையில் கேட்க, ஆமாம் என்றார். அந்த ஆமாமில் இருந்த ஊசியை ஊரே ரசித்தது. ஆனால் சிரித்தவர்கள் வோட்டுப் போடுவதில்லை.

கடைசிச் சந்தர்ப்பம் 1963 அக்டோபரில் வந்தது. மாக்மில்லன் ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து ராஜினாமா செய்து, ஹோம் பிரபுவை ராணியிடம் சிபாரிசு செய்தார். அதற்கு முந்திய இரவு ஈனக் பவல் வீட்டில் மந்திரிகள் சிலர் கூடி, பட்லர் மறுத்தால் தாங்களும் ஹோமின் கீழ் பதவி ஏற்பதில்லை என்று தகவல் அனுப்பினார்கள். பட்லர் ஒரே வார்த்தை, 'மாட்டேன்' என்று சொன்னால் போதும். ஹோமால் மந்திரி சபை அமைக்கமுடியாது. குண்டு போட்ட கைத்துப்பாக்கியைக் கையில் கொடுத்தும் அவர் சுட மறுத்துவிட்டார் என்று பவல் பின்னாளில் உவமை சொன்னார். கட்சி பிளந்துவிடக்கூடாதே என்ற கவலை பட்லருக்கு. அன்னிய நாட்டு மந்திரி பதவியை ஏற்றுக்கொண்டார். அவருக்காகப் பதவியை உதறிய பவலும் மக்லியாடும் வெளியே நின்றார்கள். மறு வருஷத் தேர்தலில் தொழிற்கட்சி நாலே ஸ்தானப் பெரும்பான்மையில் ஜெயித்தது. பட்லர் தலைமை வகித்திருந்தால் கதை மாறியிருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

கோழை என்று அவரை எழுதிவிட்டவர்கள் உண்டு. எனக்குச் சம்மதமில்லை. யுத்தத்தின் நடுவில் சர்ச்சிலின் பேச்சைத் தட்டி நடந்தவர் எப்படிக் கோழையாவார்? ஊரார் பிள்ளைகளுக்காக அவரால் பிடிவாதம் பிடிக்க முடிந்தது. தமக்காக ஒன்றைக் கேட்க நா எழவில்லை. நம் குடும்பங்களில் இப்படிப்பட்ட பெரியப்பாக்களைக் கண்டிருக்கிறோம். பாகப்பிரிவினையில் பேசாமல் இருந்துவிட்டு வந்து நிற்பார்கள். நஷ்டத்தை அவர்களை நம்பியவர்களும் சேர்ந்து சுமப்பார்கள். அந்த இடத்தில்தான் எனக்கு அவர்மேல் கோபமும் வருகிறது.

1965-இல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கலாசாலையின் தலைவர் பதவியை அவருக்கு அளிக்க முன்வந்தவர் எதிர்க்கட்சிப் பிரதமர் ஹெரால்ட் வில்ஸன். 13 வருஷம் அங்கே இருந்தார். 1967-இல் இளவரசர் சார்ல்ஸ் அங்கே படிக்க வந்து சேர்ந்தபோது, வருங்கால மன்னருக்கு யோசனை சொல்லும் பெரியவராக இருந்தவரும் அவரே.