கைமாறாக் காப்பு

மலர்க் குழுவினர் எம்மை அணுகித் தமிழாசிரியர் என்ற முறையில் இலக்கியக் கட்டுரையொன்று தருதல் வேண்டுமெனப் பணித்தனர். இலக்கியக் கட்டுரைகள் இம்மலரில் நிரம்ப வரும். அவற்றை எழுத எம்மினும் வல்லார் பலர் உளர். யாம் எழுதப் புகுந்தது மோட்டார் வாகனக் காப்புறுதியைப் பற்றி. அன்பர்கள் நகைத்தல் வேண்டா. 2020 பங்குனியில் நிறுத்தப்பெற்ற வாகன இறக்குமதி 2025 மாசியில் மீளத் திறக்கப்பெற்ற பின்னர், நம் குடாநாட்டிற் பழைய காரைக் கொடுத்து வேறொன்று வாங்கும் ஆர்வம் பெருகியிருக்கிறது. பழைய மாணவருட் பலரும் அவ்வாறு செய்திருப்பர். அவர்களுக்கு எம் தவறு ஒன்றைச் சொல்லி வைத்தல் எம் கடன்.

முதலிற் சொல்லைப் பார்ப்போம். அது தமிழாசிரியரின் வழக்கம். தமிழ்நாட்டார் காப்பீடு என்பதை நாம் காப்புறுதி என்கிறோம். காப்பு என்றதும் நம்மவர்க்கு நினைவு வருவது கேதார கௌரி விரதத்தின் நிறைவு நாளிற் கோயிலிற் பெற்றுக் கையிற் கட்டும் கௌரிக் காப்பு. வேண்டுதல் அவரவர்க்குரியது, ஒருவர் கட்டிய காப்பை அவிழ்த்து மற்றவர் கையிற் கட்டும் வழக்கம் இல்லை. வாகனக் காப்புறுதியும் ஏறக்குறைய அத்தகையதே. அது இரும்பைப் பற்றியதன்று. இன்ன ஆளுக்கும் இன்ன வாகனத்துக்கும் உள்ள உறவைப் பற்றியது. அவ்வுறவு அறுந்தால் அதுவும் அறுந்தது. இவ்வளவு எளிய உண்மையை யாம் பொலிஸ் நிலையத்து வாங்கில் இருந்துகொண்டே கற்றோம்.

2025 வைகாசியில், எம்மிடம் பதினோராண்டு உழைத்த மாருதி 800 காரை, முன்பு எம்மிடம் பயின்ற ஓர் இளைஞருக்கு விற்றோம். அவர் மின்னிணைப்பு வேலை செய்பவர். இரு சிறு பிள்ளைகளின் தந்தை. ஒரு வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோயில் வாசலில் வைத்துத் திறப்பைக் கொடுத்தோம். சக்கரங்களின் கீழ்த் தேசிக்காய் வைத்து நசித்தலிற் காட்டிய கவனத்திற் காற்பங்கைக் கடதாசிகளிற் காட்டினோமில்லை. கைமாற்றப் படிவத்திற் கையெழுத்திட்டு, நாளை நிரப்பாது விட்டுக் கொடுத்தோம். திறந்த பத்திரம் என்று வாகன வணிகர் வழங்குவது அதுவே. அது நாடெங்கும் உள்ள வழக்கம் என்பது எமக்கு அன்று போதிய நியாயமாகத் தோன்றிற்று.

அவ்வேளை அவர் முகப்புக் கண்ணாடியைச் சுட்டி, "சேர், இன்சூரன்ஸ் எப்ப மட்டும் கிடக்கு?" என்று கேட்டார். "மார்கழி மட்டும் இருக்கு, தம்பி. ஏழு மாசம் யோசிக்கத் தேவையில்லை" என்றோம். விலையைச் சற்றும் குறைக்காத எமக்கு, அதனை ஒரு சலுகைபோற் சொன்னதில் உள்ளூர மகிழ்ச்சியும் இருந்தது.

திங்கட்கிழமை, புதிதாக வாங்கிய காரின் கடதாசிகளோடு காப்புறுதி நிறுவனத்தின் கிளைக்குச் சென்றோம். அங்கிருந்த பெண் அலுவலர் இரு வழிகளைச் சொன்னார். பழைய பத்திரத்தை இரத்துச் செய்து எஞ்சிய பணத்தைப் பெறுதல் ஒன்று. அதே பத்திரத்திற் பழைய காரை நீக்கிப் புதிய காரைச் சேர்த்தல் மற்றையது. முதலாவது வழியில் எம் கணக்குப் பிழைத்தது. ஐந்து மாதம் கழிந்தது, ஏழு மாதப் பணம் மீளும் என்று எண்ணிச் சென்றோம். ஆயின் காப்புறுதி செய்தவர் தாமே இரத்துச் செய்யின், கழிந்த காலத்துக்குக் குறுங்காலக் கட்டண அட்டவணைப்படி கழிப்பர். அது மாதக் கணக்கிலும் கூடியது. கையில் வருவது நாம் எண்ணியதிற் குறைவு. இரண்டாவது வழியில், பல்லாண்டு இழப்பீடு கேளாதிருந்தமைக்குரிய கட்டணக் கழிவும் புதிய காருக்கு வந்து சேரும். அக்கழிவு காருக்குரியதன்று, ஆளுக்குரியது என்று அவர் விளக்கினார். யாம் இரண்டாவதைத் தெரிந்தோம். புதிய காரின் பெறுமதி கூடியமையால் மேலதிகக் கட்டணமும் செலுத்தினோம்.

"பழைய சான்றிதழைத் திருப்பித் தரவேணும், ஐயா" என்றார் அலுவலர். அது விற்ற காரின் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது என்றோம். எம் சொல்லை நம்பிப் புதிய சான்றிதழைத் தந்து, இரண்டொரு நாளிற் கொண்டுவருமாறு சொல்லி அனுப்பினார். வீடு திரும்பியபோது தவணைப் பரீட்சை விடைத்தாள்கள் மேசையிற் குவிந்திருந்தன. அவ்விளைஞரைத் தொலைபேசியில் அழைத்து ஒரு வார்த்தை சொல்ல இரண்டு நிமிடம் போதும். நாளைக்கு, நாளைக்கு என்று விட்டோம். வெள்ளியன்று யாம் சொன்ன சொல் திங்களன்று எம் கையாலேயே பொய்யாக்கப்பெற்றது என்ற எண்ணம், உண்மையைச் சொன்னால், எமக்கு எழவே இல்லை.

கார் கைமாறிய 16ஆம் நாள், சனிக்கிழமை விடியற்காலை, மருதனார்மடச் சந்தைக்கு வெங்காயம் ஏற்றிச் சென்ற முதியவர் ஒருவரின் சைக்கிளை அக்கார் காங்கேசன்துறை வீதியில் மோதிற்று. முதியவருக்கு வலக்கால் எலும்பு முறிந்தது. தெல்லிப்பழை வைத்தியசாலைக்கு அவரைக் கொண்டுபோனவர் அவ்விளைஞரே. தாமே பொலிசுக்கும் அறிவித்தார். பொலிசார் சான்றிதழின் இலக்கத்தைக் கொண்டு நிறுவனத்தை விசாரித்தபோது, அவ்விலக்கம் வேறொரு காருக்குரியது என்று விடை வந்தது. பதிவு இன்னும் எம் பெயரில் இருந்தமையால் எம்மையும் அழைத்தனர்.

வாங்கில் எம் அருகில் இருந்தவர் எம்மை நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்: "சேர், மார்கழி மட்டும் இருக்கெண்டுதானே சொன்னியள்?"

எம்மிடம் விடை இல்லை. ஒரு சொல்லின் பொருளை இடம் நோக்கி அறிதல் வேண்டும் என்று வகுப்பிற் பல்லாண்டு கற்பித்து வந்தோம். "இருக்கு" என்று யாம் சொன்ன சொல்லை அவர் எவ்விடத்தில் நின்று கேட்டார் என்பதை நோக்கினோமல்லோம்.

பின்னர்ச் சட்டத்தரணியாகிய பழைய மாணவர் ஒருவரை நாடினோம். அவர் சொன்னது எமக்கு வியப்பாயிற்று. யாம் பத்திரத்தைப் புதிய காருக்கு மாற்றாது விட்டிருப்பினும், எம் பெயரிலுள்ள காப்புறுதி வாங்கியவரைக் காத்திராதாம். 1938இல் இங்கிலாந்து மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த வழக்கு இத்தகையது. விற்றவர் வண்டியோடு காப்புறுதிப் பத்திரத்தையும் வாங்கியவர் கையிற் கொடுத்திருந்தார். வாங்கியவர் ஒருவரைக் காயப்படுத்தினார். அவர் ஓட்டியது தம் சொந்த வண்டியேயன்றி விற்றவரின் அனுமதி பெற்ற வண்டியன்று, ஆதலாற் பத்திரம் செல்லாது என்றனர் நீதிபதிகள். காயமுற்றவர் நிறுவனத்திடம் எதுவும் பெற்றிலர். அதற்கு முன் 1931இற் பிரபுக்கள் சபை மறுபக்கத்தைத் தீர்த்திருந்தது: காரை மாற்றி, நிறுவனத்துக்கு அறிவியாமற் புதிய காரை ஓட்டி விபத்துக்குள்ளானவருக்குப் பழைய காரின் பத்திரம் உதவவில்லை. ஆகவே விற்பவர், வாங்குபவர் இருவர்க்கும் இடையில் ஒரு வெற்றிடம் உண்டு. இந்தியாவில் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 157ஆம் பிரிவு இவ்வெற்றிடத்தை ஓரளவு அடைக்கிறது. உரிமை கைமாறியதும் சான்றிதழும் உடன் கைமாறியதாகவே கொள்ளப்படும், வாங்கியவர் 14 நாட்களுள் நிறுவனத்துக்கு விண்ணப்பித்தல் வேண்டும். தெருவில் வரும் மூன்றாமவரை முன்னிட்டு அமைந்த ஏற்பாடு அது.

அம்மூன்றாமவரே இக்காப்புறுதிக்குக் காரணமாயினார். நம் நாட்டில் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம், பிறர்க்கு நேரும் உயிரிழப்பையும் உடற்காயத்தையும் குறித்த காப்புறுதியின்றி வீதியில் வாகனம் செலுத்தலாகாது என்கிறது. வருமான அனுமதிப்பத்திரம் பெறப் பிரதேச செயலகத்திற் காப்புறுதிச் சான்றிதழைக் கேட்பதும் அதனாலேயே. யாம் ஆண்டுதோறும் அதனை அனுமதிப்பத்திரத்துக்கு வேண்டிய கடதாசியாகவே மதித்து வந்தோம். வெங்காயம் ஏற்றிச் செல்லும் ஒருவரின் கால் அதனுள் இருக்கிறது என்று எண்ணியதில்லை.

சட்டத்தரணியின் சொல் எம் பழியைச் சட்டப்படி குறைத்தது. மனம் அதனை ஏற்கவில்லை. யாம் உள்ளதைச் சொல்லியிருப்பின் அவர் அன்றே மூன்றாம் தரப்புக் காப்புறுதியாவது எடுத்திருப்பார். அது கட்டணத்தில் மிகக் குறைந்தது. மல்லாகம் நீதவான் நீதிமன்றத்தில் அவர் தண்டப்பணம் செலுத்தினார். முதியவரின் சிகிச்சைக்கும் தோட்டத்துக் கூலியாளுக்குமாகச் செலவானதை இருவரும் பகிர்ந்தோம். எம் பங்கு ஓர் இலட்சத்து எண்பதினாயிரம் ரூபா. அவர் தம் பங்குக்காக இரண்டு மாதத்திற் காரை விற்றார். இம்முறை யாமும் உடன் சென்றோம். நாளும் நேரமும் எழுதிக் கைமாற்றப் படிவத்தை நிரப்புவித்து, திறப்பைக் கொடுக்குமுன் கண்ணாடியிலிருந்த சான்றிதழை உரித்தெடுத்து, வாங்கியவர் தம் பெயரிற் காப்புறுதி பெறும் வரை கார் முற்றத்திலேயே நிற்கச் செய்தோம். அன்றைய சான்றிதழ் அவர் பெயரில் விபத்தின் பின் எடுத்தது. எமது பழைய சான்றிதழை விபத்து நடந்த நான்காம் நாளே அலுவலரிடம் ஒப்படைத்துவிட்டோம். அவர் ஒன்றும் கேட்கவில்லை. வாங்கி, கோப்பில் வைத்து, நாளைக் குறித்தார்.

முதியவர் வழக்கெதுவும் தொடர்ந்திலர். மாதம் ஒருமுறை அவர் வீட்டுக்குச் செல்கிறோம். ஊன்றுகோலின் துணையோடு வரம்பு வரை நடக்கிறார். வளைந்த சைக்கிளைத் திருத்துவித்துத் தருவதாகப் பலமுறை சொன்னோம். "நான் ஏறி மிதிக்கிற அண்டைக்குத் திருத்துவம், மாஸ்ரர், அதுமட்டும் கிடக்கட்டும்" என்கிறார். வெங்காயக் கொட்டிலின் மூலையில், வளைந்த சில்லோடு, அது சாத்தியபடி நிற்கிறது.