ஆடாத விளையாட்டுக்கு ஏன் பெயர் கொடுக்கிறோம்?



மாலை மத்ரஸாவில் பாடம் முடிந்த பின் மாணவர்கள் கேட்கும் கேள்விகள் பலவற்றுக்கு நாம் ஓதிய கிதாபுகளில் நேரடியான பதில் இருப்பதில்லை. சில மாதங்களுக்கு முன் பதினைந்து வயது மாணவர் ஒருவர் அத்தகைய கேள்வி ஒன்றைக் கேட்டார். "ஹஜ்ரத், கம்ப்யூட்டர் கேம்களை இலவசமாகக் குலுக்கலில் கொடுக்கிறார்கள். கண்ணில் படும் எல்லாவற்றுக்கும் பெயர் கொடுத்துவிடுவேன். விழுந்தால் எடுத்துக்கொள்வேன். ஆனால் பெரும்பாலும் விளையாடுவதில்லை. இது கூடுமா?"

விளையாட்டே வேண்டாம், போய் ஓது என்று சொல்லி அனுப்பிவிடுவது எளிது. ஆனால் அம்மாணவர் விளையாட்டைப் பற்றிக் கேட்கவில்லை. தனக்குத் தேவையில்லாத ஒன்றை, இலவசம் என்ற ஒரே காரணத்தால் எடுத்துக்கொள்ளலாமா என்பதே அவரது கேள்வி. அது நம் வீடுகளில் எல்லா வயதினருக்கும் உரிய கேள்வி. எனவே சற்று விரிவாகவே சிந்திப்போம்.

குலுக்கல் எல்லாம் சூதாட்டமா?

முதலில் சட்டத்தைத் தெளிவாக்கிக் கொள்வோம். அல்குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயமான அல்மாயிதாவின் 90ஆவது வசனம் மதுவோடு சேர்த்துச் சூதாட்டத்தையும் தடுத்துள்ளது. சூதாட்டம் என்பது பங்கேற்போர் தம் பொருளைப் பணயமாக வைத்து, ஒருவர் ஆதாயமடைய மற்றவர் இழக்கும் ஏற்பாடு. பெயர் கொடுப்பதற்கு ஒரு காசும் செலுத்தாத குலுக்கலில் அந்தப் பணயம் இல்லை. சீட்டுக் குலுக்குவது தன்னளவில் குற்றமும் அன்று. நபி (ஸல்) அவர்கள் பயணம் புறப்படும்போது, எந்த மனைவியை உடன் அழைத்துச் செல்வது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்த செய்தி புகாரியில் உள்ளது. எனவே இலவசக் குலுக்கலில் கிடைப்பது ஓர் அன்பளிப்பின் தன்மையையே பெறுகிறது.

பங்கேற்கப் பணம் கட்ட வேண்டும் என்றாலோ, சீட்டுக்காகவே தேவையற்ற ஒன்றை வாங்க வேண்டும் என்றாலோ நிலைமை மாறிவிடும். அதிலிருந்து விலகியே இருக்க வேண்டும். அதுபோலவே, விளையாட்டின் உள்ளடக்கம் ஆபாசமாகவோ, நம் அகீதாவுக்கு முரணாகவோ இருந்தால் இலவசம் என்பது அதை ஆகுமாக்கிவிடாது. இவற்றில் விவாதத்துக்கு இடமில்லை என்பதால் மேலே செல்வோம்.

இன்னொருவர் இழக்கிறாரா?

ஒரு செயல் ஹராம் இல்லை என்று அறிந்தவுடன் முஃமினின் கணக்கு முடிந்துவிடுவதில்லை. அச்செயலால் பிறருக்கு இழப்பு உண்டா, அது நம் உள்ளத்தை என்ன செய்கிறது என்னும் இரண்டு கேள்விகள் எஞ்சுகின்றன. இங்கே இலவசங்களில் இரு வகை உண்டு என்பதைப் பிரித்தறிய வேண்டும்.

ஒன்று, வருவோர் அனைவருக்கும் கொடுப்பது. 2018 டிசம்பரில் தொடங்கப்பட்ட எபிக் கேம்ஸ் ஸ்டோர் குறிப்பிட்ட நாட்களுக்குள் வருவோர் எவருக்கும் சில விளையாட்டுகளை இலவசமாக வழங்கி வருகிறது. 2020 மே மாதம் ஜிடிஏ 5 விளையாட்டை அவ்வாறு அறிவித்தபோது கூட்டம் தாங்காமல் அத்தளமே சிறிது நேரம் முடங்கியது. இதற்காக அந்நிறுவனம் விளையாட்டை உருவாக்கியவர்களுக்குப் பணம் கொடுக்கிறது. முதல் ஒன்பது மாதங்களில் 38 விளையாட்டுகளுக்குச் சுமார் 1 கோடியே 16 லட்சம் டாலர் கொடுத்தது, 2021இல் ஆப்பிளுடன் நடந்த வழக்கின் ஆவணங்கள் மூலம் வெளிவந்தது. இங்கே ஒருவர் எடுப்பதால் அடுத்தவருக்குக் குறைவதில்லை.

மற்றொன்று, எண்ணிக்கை வரையறுக்கப்பட்டது. ஒருவரிடம் மூன்று விளையாட்டுகளுக்கான குறியீடுகள் இருக்கின்றன, முப்பது பேர் பெயர் கொடுக்கிறார்கள், மூவருக்குக் கிடைக்கிறது. ஸ்டீம்கிஃப்ட்ஸ் போன்ற தளங்களில் நடப்பதும், நம் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுக்களில் நடப்பதும் இதுவே. இங்கே ஆடும் எண்ணமே இல்லாதவர் ஒருவர் பெயர் கொடுத்தால், உண்மையில் ஆட விரும்பும் ஒவ்வொருவரின் வாய்ப்பும் அந்த அளவுக்குக் குறைகிறது. அவருக்கே விழுந்துவிட்டால், விரும்பிய ஒருவருக்குப் போக வேண்டியது யாருக்கும் பயனின்றிப் போகிறது.

இதில் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. குலுக்கலில் ஒரு சட்டைத்துணி கிடைத்து, அது நமக்கு வேண்டாம் என்றால், தேவையுள்ளவருக்குக் கொடுத்து நன்மையை அடையலாம். ஸ்டீம் போன்ற தளத்தில் ஒரு குறியீட்டை நம் கணக்கில் சேர்த்துவிட்டால் அது அக்கணக்கோடு கட்டுண்டுவிடும். பிறகு அதை எடுத்து மற்றவருக்கு அளிக்க வழியில்லை. ஆகவே, எடுத்து வைத்துக்கொண்டு பிறகு யோசிப்போம் என்னும் பேச்சு இங்கே செல்லாது. யோசிக்க வேண்டியது பெயர் கொடுப்பதற்கு முன்.

எம் கண்முன் நடந்தது

எம் ஊரில் மென்பொருள் துறையில் பணியாற்றும் இளைஞர் ஒருவர், மொத்தமாக வாங்கிய விளையாட்டுத் தொகுப்பில் தம்மிடம் ஏற்கெனவே இருந்தவற்றின் குறியீடுகளைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க எண்ணிக் குழுவில் குலுக்கல் வைத்தார். அவற்றுள் ஒன்று நகரம் கட்டும் விளையாட்டு. எம்மிடம் ஓதும் மாணவர்களில் ஒருவர், கொத்தனார் ஒருவரின் மகன், அதன்மேல் மிகுந்த ஆசை வைத்திருந்தார். வளைகுடாவில் உள்ள அண்ணன் அனுப்பிய பழைய மடிக்கணினியில் அது ஓடுமா என்றுகூட முன்னதாகவே பார்த்து வைத்திருந்தார். குலுக்கலில் அது விழுந்தது வேறொரு மாணவருக்கு. மேலே சொன்ன கேள்வியைக் கேட்டவர் அவர்தாம். அவர் கணக்கில் முன்னூறுக்கும் மேற்பட்ட விளையாட்டுகள் இருந்தன. அவற்றுள் பத்தைக்கூட அவர் திறந்து பார்த்ததில்லை. இதையும் உடனே கணக்கில் சேர்த்தார், நிறுவவில்லை.

தோற்றவர் யாரிடமும் முறையிடவில்லை. "நஸீபு இல்லை ஹஜ்ரத்" என்று மட்டும் சொன்னார். வென்றவரோ சில நாட்கள் கழித்து அதைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று தேடிப் பார்த்து, முடியாது என்று அறிந்த பின்னரே எம்மிடம் வந்தார். அவர் எந்த விதியையும் மீறவில்லை; எவரையும் ஏமாற்றவும் இல்லை. ஆயினும் அவர் உள்ளம் உறுத்தியது. அந்த உறுத்தலை நாம் போக்க முயலவில்லை. பாவம் என்பது உள்ளத்தில் உறுத்துவது என்னும் பொருள்பட நபிமொழி உண்டு. உறுத்தும் உள்ளம் உயிருள்ள உள்ளம்.

மனம் எதன் பின்னால் செல்கிறது?

உமர் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் பொருள் வழங்கும்போது, என்னைவிட ஏழைக்குக் கொடுங்களேன் என்பார்கள். அதற்கு நபியவர்கள், எதிர்பார்க்காமலும் கேட்காமலும் வருவதை வாங்கிக்கொள்ளும்படியும், அவ்வாறு வராததன் பின்னால் மனத்தை அலையவிட வேண்டாம் என்றும் அறிவுறுத்தினார்கள். அன்பளிப்பை மறுக்கச் சொல்லவில்லை. அதைத் துரத்த வேண்டாம் என்றார்கள். நாள்தோறும் பத்துக் குலுக்கல்களைத் தேடிச் சென்று பெயர் பதிபவர் இவ்விரண்டில் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதை அவரே தீர்மானிக்கட்டும்.

ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்களின் செய்தி இன்னும் அழுத்தமானது. அவர் கேட்டார், கொடுக்கப்பட்டது. மீண்டும் கேட்டார், மீண்டும் கொடுக்கப்பட்டது. மூன்றாம் முறையும் அவ்வாறே. அதன் பின் நபியவர்கள், இச்செல்வம் பசுமையும் இனிமையும் உடையது என்றும், பேராசையோடு எடுப்பவருக்கு அதில் பரக்கத் இராது என்றும், அவர் உண்டும் வயிறு நிறையாதவரைப் போன்றவர் என்றும் விளக்கினார்கள். முன்னூறு விளையாட்டுகளை வைத்துக்கொண்டு "ஆட ஒன்றுமே இல்லை" என்று சலிக்கும் பிள்ளையைப் பார்த்த பெற்றோருக்கு இந்த உவமையை விளக்கத் தேவையில்லை.

சேர்க்கும் ஆசை எங்கே கொண்டுசெல்லும் என்பதற்கு விளையாட்டு உலகிலேயே சான்றுகள் உண்டு. 2010 முதல், விரும்பிய தொகையைக் கொடுத்து விளையாட்டுத் தொகுப்பைப் பெறும் ஹம்பிள் பண்டில் என்னும் திட்டம் நடந்து வந்தது. அதில் ஒரு பங்கு தொண்டு நிறுவனங்களுக்குச் செல்லும். 2011 டிசம்பரில் ஸ்டீம் தளம் பெரும் பரிசுக் குலுக்கல் ஒன்றை அறிவித்தது. அதில் கூடுதல் வாய்ப்புப் பெறுவதற்காகச் சிலர் போலிக் கணக்குகளைத் தொடங்கி, ஒவ்வொன்றுக்கும் சில காசுகள் மட்டும் கொடுத்து இத்தொகுப்பை வாங்கிக் குவித்தனர். விளைவாக, ஸ்டீம் குறியீடு வேண்டுமெனில் குறைந்தது ஒரு டாலர் தர வேண்டும் என்று அமைப்பாளர்கள் விதி வகுக்க நேர்ந்தது. இயன்றதைக் கொடு என்று நம்பித் திறந்து வைத்த வாசல், சிலரின் ஆசையால் எல்லாருக்கும் குறுகியது.

"கொடுப்பவருக்கே கவலை இல்லையே!"

இதற்கு மறுமொழியாக, கொடுப்பவர் மனமுவந்து கொடுக்கிறார்; பெற்ற பின் அது என் உடைமை; ஆடுவதும் ஆடாததும் என் விருப்பம் என்று சொல்வார்கள். இதில் உண்மை உண்டு. அல்லாஹ் விசாலமாக்கியதை நாம் குறுக்கக் கூடாது. நிபந்தனையின்றிக் கொடுக்கப்பட்டதைப் பெற்று ஆடாமல் விட்டவரைப் பாவி என்று சொல்ல எமக்கு எந்த ஆதாரமும் இல்லை.

ஆனால் கொடுப்பவருக்கு ஒரு நோக்கம் இருக்கும். தனியாளாகப் பல்லாண்டு உழைத்து ஒரு விளையாட்டை உருவாக்கியவர் ஐந்து குறியீடுகளை இலவசமாகத் தருவது, ஐந்து பேராவது ஆடிப் பார்த்து நான்கு பேரிடம் சொல்வார்கள் என்பதற்காகவே. ஆடுபவர்கள் மட்டும் வாருங்கள் என்று அவர் சொல்லியிருந்தால், அதை ஏற்றுப் பெயர் கொடுத்துவிட்டு ஆடாமல் இருப்பது வாக்கு மீறல். முஸ்லிம்கள் தாம் ஏற்ற நிபந்தனைகளைக் காப்பவர்கள். ஒருவரே இரண்டு கணக்குகளில் பெயர் கொடுப்பது ஐயமின்றி மோசடி. நோக்கத்தை அவர் வாய்விட்டுச் சொல்லாதபோதும், நமக்கு அது தெரிந்தே இருக்கும்போது மதித்து நடப்பது அஹ்லாக். தனக்கு விரும்புவதைத் தன் சகோதரனுக்கும் விரும்ப வேண்டும் என்னும் பாடத்தைப் பிள்ளைகள் மனனம் செய்கிறார்கள். அதைச் செயலில் காட்ட இதைவிட எளிய இடம் எது? ஒரு பொத்தானை அழுத்தாமல் இருந்தால் போதும்.

ஆட வேண்டும் என்ற நிய்யத்தோடு பெயர் கொடுத்து, பின் தேர்வு வந்ததாலோ, கணினி பழுதானதாலோ, பிடிக்காமல் போனதாலோ ஆடாதவர் மீது குறையில்லை. செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தவை.

வீட்டில் என்ன செய்யலாம்?

பிள்ளைகளை அதட்டுவதால் பயன் விளையாது. பெயர் கொடுக்கும் முன் மூன்று கேள்விகளைத் தமக்குத்தாமே கேட்கப் பழக்குவோம். இது எனக்குக் கிடைத்தால் இம்மாதத்துக்குள் திறப்பேனா? எண்ணிக்கை குறைவாக இருந்தால், என்னைவிட இதை விரும்பும் ஒருவரை எனக்குத் தெரியுமா? கொடுப்பவர் என் எதிரே அமர்ந்து, எதற்காகக் கேட்கிறாய் என்றால், வெட்கமின்றிப் பதில் சொல்வேனா?

வென்ற பின் மனம் மாறினால், கணக்கில் சேர்க்காமல் கொடுத்தவரிடமே தெரிவித்து, வேறொருவருக்கு வழங்கச் சொல்லலாம். சொல்லாமல் விற்பதோ கைமாற்றுவதோ முறையன்று.

பெற்றோராகிய நாமும் நம்மைப் பார்த்துக்கொள்வோம். கடைத் திறப்பு விழாவில் ஒரு வீட்டுக்கு ஒன்று என்று கொடுப்பதை மூன்று வரிசைகளில் நின்று வாங்கி வந்து அலமாரியில் வைப்பவர்கள் நாம். தேவையா என்று கேட்காமல் சேர்க்கும் பழக்கத்தைப் பிள்ளைகள் கணினியிலிருந்து கற்றதாகச் சொல்ல முடியாது. அதிகம் தேடும் ஆசை மண்ணறை வரை மனிதனைப் பராக்காக்கிவிடும் என்று எச்சரிக்கும் அத்தகாஸுர் அத்தியாயத்தை நாம் தொழுகையில் அடிக்கடி ஓதுகிறோம். அதன் பொருளை இவ்வாரம் குடும்பத்தோடு அமர்ந்து ஒருமுறை பேசுவோம்.

போதுமென்ற உள்ளத்தையும், நம் கைக்கு வந்ததைப் பயன்படுத்தும் பக்குவத்தையும், பிறர் பங்கை அறிந்து ஒதுங்கும் பெருந்தன்மையையும் அல்லாஹ் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.