இரண்டு தீவுகளும் ஒரு கடலும்

புதுக்கோட்டைக்காரர்களுக்குக் கடல் ஒரு புதுச் சொத்து. 1948-ம் ஆண்டு மார்ச் 3-ந் தேதி இந்தியாவோடு இணைகிற வரையில் தனிச் சமஸ்தானமாக இருந்த எங்கள் சீமைக்குக் கடற்கரை என்று ஓர் அங்குலம்கூடக் கிடையாது. சுற்றிலும் பிரிட்டிஷ் ஜில்லாக்கள் இருக்க, நடுவே தனக்கென்று ஒரு ராஜாவும் தனக்கென்று ஓர் அம்மன் காசும் வைத்துக்கொண்டு, தரையிலேயே ஒரு தீவைப் போல இருந்த நாடு அது. பிறகு 1974-ம் ஆண்டு ஜனவரி 14-ந் தேதி புதுக்கோட்டை தனி மாவட்டமாயிற்று. அப்போது தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து அறந்தாங்கிப் பகுதி எங்களோடு சேர்ந்தது. கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் என்று வரிசையாகக் கடலோர ஊர்கள் கிடைத்தன.

எங்களுக்குக் கடல் கிடைத்த அதே வருஷம் ஜூன் மாதத்தில் இந்தியாவும் இலங்கையும் பாக் நீரிணைப் பகுதியில் ஓர் எல்லைக் கோட்டைப் போட்டுக்கொண்டன. கச்சத்தீவு கோட்டுக்கு அந்தப் பக்கம் போயிற்று. வந்ததும் போனதும் ஐந்தே மாத இடைவெளியில்!

கச்சத்தீவைப் பற்றிப் பேசாத மேடை தமிழ்நாட்டில் இல்லை. அதற்கு ஏறத்தாழப் பதினைந்து மைல் தொலைவில் நெடுந்தீவு என்று இன்னொரு தீவு இருக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் ஜெகதாப்பட்டினம் படகு பிடிபட்டது என்று பத்திரிகையில் செய்தி வரும்போதெல்லாம் "நெடுந்தீவு அருகே" என்ற இரண்டு சொற்களும் கூடவே வருகின்றன. இந்த இரண்டு தீவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என்ன என்று எனக்கு வெகு நாளாக ஆசை.

எங்கள் பக்கத்தில் ஓர் ஊருக்குப் பெண் கொடுப்பதென்றால் முதலில் அந்த ஊரின் தண்ணீரை விசாரிப்பார்கள். ஆறு பெரிதாக இல்லாத சீமை. கண்மாயையும் ஊருணியையும் நம்பி ஜீவனம். அந்தப் பழக்கத்திலேயே இந்தத் தீவுகளையும் விசாரிப்போம்.

கச்சத்தீவின் பரப்பு 285 ஏக்கர். நீளம் ஒரு மைல். அகலம் அதைவிடக் குறைவு. மணலும் முட்புதருமான தட்டை நிலம். குடிதண்ணீர் இல்லை. ஆகவே குடியும் இல்லை. ஓர் அந்தோணியார் கோயில் உண்டு. வருஷத்தில் இரண்டு நாள், மாசி மாதத்தை ஒட்டித் திருவிழா. இரு கரையிலிருந்தும் ஜனங்கள் தண்ணீரையும் சோற்றையும் கட்டிக்கொண்டு போய், ஜபம் செய்து, தேர் பார்த்துத் திரும்புகிறார்கள். பழைய நாளில் அந்தத் திருவிழா ஒரு சந்தையாகவும் இருந்தது. இங்கிருந்து போனவர்களும் அங்கிருந்து வந்தவர்களும் சாமான்களை மாற்றிக்கொண்டார்கள், சம்பந்தம்கூடப் பேசிக்கொண்டார்கள்.

தீவுக்கு வேறு வருமானம் இருந்ததா என்றால், கொஞ்சம் இருந்தது. ராமநாதபுரம் ஜமீனுக்கு அது சொந்தமாக இருந்தபோது, அங்கே சாயவேர் எடுக்கிற உரிமையைக் குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள். துணிக்குச் சிவப்புச் சாயம் ஏற்றுகிற வேர் அது. சீமையிலிருந்து ரசாயனச் சாயம் வந்ததும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. அப்புறம் மீனவர்கள் வலை உலர்த்தினார்கள், மீன் உலர்த்தினார்கள். அவ்வளவுதான் கச்சத்தீவின் பொருளாதாரம்.

நெடுந்தீவு வேறு மாதிரி. பரப்பு ஏறக்குறைய ஐம்பது சதுர கிலோமீட்டர். கச்சத்தீவைப் போல நாற்பது மடங்குக்கும் மேல். யாழ்ப்பாணத்தைப் பிடித்த டச்சுக்காரர்கள் தங்கள் ஊர் ஞாபகமாக அதற்கு டெல்ப்ட் என்று பெயர் வைத்தார்கள். பக்கத்துத் தீவுகளுக்கும் லெய்டன், ஆம்ஸ்டர்டாம் என்று அப்படியே வைத்தார்கள். மற்றவை உதிர்ந்துவிட்டன, டெல்ப்ட் மட்டும் ஆங்கிலத்தில் இன்றும் நிலைத்திருக்கிறது. போர்த்துக்கீசியர் கொண்டுவந்து விட்ட குதிரைகளை டச்சுக்காரர்கள் பெருக்கினார்கள். அவற்றின் சந்ததி இன்றைக்கும் எஜமானர் இல்லாமல் அங்கே கூட்டம் கூட்டமாக மேய்கிறது. பனைமரமும், சுண்ணாம்பு பூசாமல் பவளக்கல்லை அடுக்கிய வேலிகளும், ஒரு பெரிய பெருக்கமரமும், இடிந்த டச்சுக் கோட்டையும் பார்க்கத் தகுந்தவை. ஜனத்தொகை ஏறத்தாழ நாலாயிரம். எல்லாரும் தமிழர்கள்.

இரண்டும் ஒரே ஆழமற்ற கடலில் கிடக்கிற தட்டைத் தீவுகள். இரண்டிலும் பெய்வது ஒரே ஐப்பசி கார்த்திகை மழை. அப்படியிருக்க ஒன்றில் குடி, மற்றொன்றில் சூனியம் ஏன்? மழைத் தண்ணீர் மண்ணிலும் பாறையிலும் ஊறிக் கீழே இறங்கும்போது, அங்கே ஏற்கெனவே கடல் தண்ணீர் புகுந்திருக்கிறது. நல்ல தண்ணீர் லேசானது. ஆகையால் அது உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. தீவு அகலமாக இருந்தால் அந்த நல்ல தண்ணீர்ப் படலம் கனமாகச் சேரும், கிணறு வெட்டலாம். ஒடுங்கிய தீவில் அது சேருவதற்குள் இரு பக்கமும் கசிந்து கடலோடு போய்விடும். நெடுந்தீவுக்கு அகலம் இருந்தது. அதனால் சில இடங்களில் நல்ல கிணறு வாய்த்தது. கிணற்றடியில் ஊர் வாய்த்தது. அங்கேயும் தண்ணீர் தாராளமில்லை. கடுங்கோடையில் குதிரைகள் தாகத்தால் செத்து விழுவதுண்டு. மனிதர்கள் மட்டும் என்ன செய்வார்கள்? பனை, மாடு, மீன் என்று மூன்றையும் கட்டி இழுத்துக் காலம் தள்ளுகிறார்கள்.

வெளியே போய் வருவதற்கும் குறிகட்டுவான் துறையிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் படகுப் பயணம். அந்தத் தடத்தில் ஓடிய "குமுதினி" படகை 1985-ம் ஆண்டு மே 15-ந் தேதி நடுக்கடலில் மறித்து, பிரயாணிகளில் இருபதுக்கும் மேற்பட்டவர்களை வெட்டிக் கொன்றார்கள். யுத்த காலத்தில் தீவை விட்டுப் போன குடும்பங்கள் பல.

ஆக, தண்ணீரும் மனிதர்களும் உள்ள தீவை உலகம் மறந்துவிட்டது. இரண்டும் இல்லாத தீவுக்கு இரண்டு தேசங்கள் வழக்காடுகின்றன. இது என்ன கணக்கு என்று ஜெகதாப்பட்டினத்தில் ஒரு பெரியவரிடம் கேட்டேன். கரையில் உட்கார்ந்து நண்டு வலையைச் சிக்கு எடுத்துக்கொண்டிருந்தார்.

"பெரியவரே, கச்சத்தீவு திரும்பக் கிடைத்தால் உங்களுக்கு என்ன லாபம்?"

"தீவுல என்னாங்கய்யா இருக்கு? ஒரு குடம் நல்ல தண்ணி கெடையாது. எங்க அப்பா காலத்துல பருத்தி நூல் வலை. நனைஞ்சா காயப்போடணும், இல்லாட்டி இத்துப்போவும். அதுக்குத் தீவு வேணும். இப்ப நைலான் வலை. எங்கெ காயப்போடுறது? எதுக்குக் காயப்போடுறது?"

"பிறகு ஏன் எல்லாரும் கச்சத்தீவு, கச்சத்தீவு என்கிறார்கள்?"

"தீவைக் கேக்கலீங்கய்யா. தீவைச் சுத்தி இருக்குற பாட்டைக் கேக்குறாங்க" என்றார் அவர்.

பாடு என்றால் மீன் கிடைக்கிற இடம், கிடைக்கிற மீன் இரண்டும்தான். 1974 ஒப்பந்தத்தின் ஐந்தாவது ஷரத்து, நம்மவர்கள் பயணச் சீட்டோ விசாவோ இல்லாமல் முன்போலக் கச்சத்தீவுக்குப் போய் வரலாம் என்கிறது. வலை உலர்த்தும் உரிமை பத்திரமாக இருக்கிறது என்று அன்றைக்கு ஆறுதலும் சொன்னார்கள். அந்தச் சமயத்தில் நைலான் வலை வந்தாயிற்று. 1976 மார்ச்சில் இரு அரசுகளும் எழுதிக்கொண்ட கடிதங்களோ, ஒருவர் கடலில் ஒருவர் மீன் பிடிப்பதில்லை என்று முடித்துவிட்டன. வலையை உலர்த்தலாம், வலையை நனைக்கக் கூடாது! இதைப் பெரியவரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. எனக்கும் பிறகு சிரிப்பு வரவில்லை.

தீவின் சொத்து அதைச் சுற்றியுள்ள தண்ணீர்தான் என்பதற்குத் தூரத்து உதாரணம் ஒன்று உண்டு. தென் அட்லாண்டிக் சமுத்திரத்தில் பாக்லாந்து தீவுகள் இருக்கின்றன. அங்கேயும் ஜனத்தொகை நெடுந்தீவின் அளவுதான். மூவாயிரத்து ஐந்நூறுக்குச் சற்று மேல். நூறு வருஷத்துக்கு மேலாகச் செம்மறியாட்டு ரோமத்தை விற்றுப் பிழைத்தார்கள். 1982-ல் அந்தத் தீவுகளுக்காகப் பிரிட்டனும் அர்ஜெண்டினாவும் யுத்தமே செய்தன. ஐந்து வருஷம் கழித்து, 1987-லிருந்து, தங்கள் கடலில் கணவாய் பிடிக்க வருகிற அயல்நாட்டுக் கப்பல்களுக்கு உரிமக் கட்டணம் விதித்தார்கள். அதன் பின் வருமானம் பல மடங்கு ஏறியது. அங்கே ஆடு மாறவில்லை, புல் மாறவில்லை. கடலுக்குக் கணக்கு எழுதத் தொடங்கினார்கள், அவ்வளவுதான்.

அதே 1982-ல் உருவான ஐக்கிய நாடுகளின் கடல் சட்டமும் நம் ஊர்க் கிழவிகளைப் போலவே தண்ணீரை விசாரிக்கிறது. மனிதர் குடியிருக்கவோ சொந்தமாகப் பிழைப்பு நடத்தவோ இயலாத பாறைத் திட்டுகளுக்கு இருநூறு மைல் பொருளாதார மண்டலம் கிடையாது என்று அது சொல்கிறது. பாக் நீரிணையில் இரு கரைகளும் அண்மையில் இருப்பதால் கணக்கு நடுக்கோட்டோடு முடிந்துவிடுகிறது. ஆனாலும் அந்த விதியின் கருத்து எனக்குப் பிடிக்கிறது. கடல் யாருக்கு என்று கேட்கும்போது, கரையில் யார் குடியிருக்கிறார்கள் என்றும் கேட்கத்தான் வேண்டும்.

அப்படிக் கேட்டால் நெடுந்தீவு மீனவனின் முகம் நமக்குத் தெரிய ஆரம்பிக்கும். யுத்தம் நடந்த இருபத்தாறு வருஷங்களில் அவனால் பல காலம் தாராளமாகக் கடலுக்குப் போக முடியவில்லை. அந்தக் காலத்தில் நம் விசைப்படகுகள் அங்கே போய்ப் பழகிவிட்டன. 2009-ல் யுத்தம் முடிந்து அவன் சிறு படகும் கடன் வாங்கிய வலையுமாகத் திரும்பி வந்தான். இரவில் அவன் விரித்து வைத்த வலையை நம் படகின் இழுவை மடி வாரிக்கொண்டு போனால், விடிந்ததும் அவன் கையில் கடன் மட்டும் மிஞ்சும். அடிமட்ட இழுவை மடியை இலங்கை 2017-ல் சட்டம் போட்டுத் தடுத்தது. அந்த மடி நம் பக்கத்துக் கடற்புல்லையும் மீன் குஞ்சையும் சேர்த்தேதான் அரித்துப் போடுகிறது. அந்தக் கடற்புல்லை மேய்கிற கடற்பசுவுக்காகத் தஞ்சை, புதுக்கோட்டைக் கடற்பகுதியில் 2022-ல் ஒரு காப்பகம் ஏற்பட்டிருக்கிறது. பசுவுக்குக் காப்பகம் வேண்டியிருக்கிற கடலில் மனிதனுக்கு மட்டும் மீன் எப்படி மிஞ்சும்?

நம் ஜெகதாப்பட்டினத்துக் கூலி மீனவன் ஆசைக்காக எல்லை தாண்டுவதாக நான் நினைக்கவில்லை. வாரத்தில் மூன்று நாள்தான் விசைப்படகுக்குக் கடல். டீசலும் ஐஸும் முன்பணமும் ஏற்றிக்கொண்டு போகிறவன் வெறும் படகோடு திரும்ப முடியாது. இந்தப் பக்கம் அரித்துத் தீர்ந்துவிட்டது. மீன் அந்தப் பக்கம் இருக்கிறது. பிடிபட்டால் படகு போகிறது, அவன் சிறைக்குப் போகிறான், வீட்டில் அடுப்பு அணைகிறது. விசைப்படகுகளை ஆழ்கடல் சூரை மீன் பிடிக்க மாற்றுவது என்று 2017-ல் ஒரு திட்டம் வந்தது. நினைத்த வேகத்தில் அது நடக்கவில்லை. ஆனால் எந்த மேடையும் சொல்லாத சரியான வழி அந்தத் திசையில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

பெரியவரிடம் கடைசியாக நெடுந்தீவைப் பற்றிக் கேட்டேன்.

"ராத்திரி பாடு போனா வெளக்கு தெரியுங்கய்யா. நம்ம பேச்சுத்தான் பேசுறாங்க. ஒரு தடவ எஞ்சின் நின்னுபோயி தவிச்சப்ப அவங்க ஆளுங்கதான் தண்ணி குடுத்தாங்க. அவங்களுக்கே அங்கெ தண்ணி கொறைச்சல்."

கச்சத்தீவு யாருடையது என்று வக்கீல்கள் இன்னும் பல வருஷம் பேசட்டும். அது அவர்கள் தொழில். அந்த 285 ஏக்கரில் குடிக்க ஒரு வாய்த் தண்ணீர் இல்லை. அங்கே தோற்பதற்கோ ஜெயிப்பதற்கோ ஒரு குடும்பமும் இல்லை. நெடுந்தீவில் ஏறத்தாழ நாலாயிரம் பேர் இருக்கிறார்கள், எங்கள் கடலோர ஊர்களில் இன்னும் பல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இவர்களுக்குப் பொதுவாக இருப்பது ஒரு சின்னக் கடல். கண்மாய்த் தண்ணீரை மேல்மடைக்காரனும் கீழ்மடைக்காரனும் முறை வைத்துப் பாய்ச்சிக்கொள்வது எங்கள் சீமைக்குப் புதிதல்ல. கடலுக்கும் அப்படி ஒரு முறை வைக்க இரு கரை மீனவர்களும் ஒரே பாயில் உட்கார வேண்டும். முன்பு சில தடவை உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். மறுபடியும் உட்காருவதற்குப் புதிய பாஷை ஒன்றும் கற்க வேண்டியதில்லை.